சாந்துக்குச் செய்த கருமாதி

ஈச்சங்கரை மாவு மில்லில் அன்றைக்குக் கரண்டு போகாமல் இருந்திருந்தால் பருத்திக்காட்டுச் சங்கரலிங்கத்தின் முதுகெலும்பு இன்னும் கொஞ்ச காலம் ஒரே துண்டாக இருந்திருக்கும். கரண்டு போய்விட்டது. மிளகாய் அரைக்க வந்த பெண்கள் தூக்குவாளிகளை மடியில் வைத்துக்கொண்டு மில் படியில் உட்கார்ந்தார்கள், மாமியார்களைப் பற்றிப் பேசி முடித்தார்கள், மருமகள்களைப் பற்றிப் பேசி முடித்தார்கள், அப்படியும் கரண்டு வந்தபாடில்லை. எதிரே சாக்கடையைத் தாண்டத் தெரியாமல் ஒரு செவலைக் குட்டிநாய் காலை நீட்டுவதும் இழுப்பதுமாக நின்றுகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்த பஞ்சவர்ணம், வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிப் பழகியவள், யாரும் கேட்காமலேயே வாயைத் திறந்தாள்.

"எங்க கிடையில இதே நெறத்துல ஒண்ணு இருந்துச்சுக்கா. செவலைன்னுதான் கூப்புடுவோம்."

பஞ்சவர்ணம் பிறந்தது ஆட்டுக்கிடை போடும் குடும்பத்தில். இன்றைக்கு இந்தக் காடு, நாளைக்கு அடுத்த காடு என்று ஆடுகளோடு நடந்துகொண்டே வாழ்கிறவர்கள். வீடு இல்லாவிட்டாலும் அவர்களுக்கு நாய் உண்டு. கிடையில் ஒரு வழக்கமும் உண்டு. நாய் செத்துப்போனால், அதற்குச் சோறு வைத்தவர் யாரோ அவர், புதைத்த மண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அது வந்த நாளிலிருந்து போன நாள் வரைக்கும் வாய்விட்டுச் சொல்லி முடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுப்பு மூட்டுவார்கள், கிடையைக் கிளப்புவார்கள். செவலைக்கு மட்டும் அது நடக்கவில்லை. சொல்ல வேண்டிய பஞ்சவர்ணம் அப்போது பாவாடை கட்டிய சிறுமி, அவள் வாயை அவளைப் பெற்ற அப்பனே பொத்திவிட்டான். "பருத்திக்காட்டு மொதலாளி காதுல விழுந்தா இந்தப் பக்கம் எவனும் கிடை போட எடங்குடுக்க மாட்டான், மூடு வாய" என்றான். மூடியது மூடியபடியே கிடந்து, கல்யாணமாகி அதே ஈச்சங்கரைக்கே வாழ வந்து, ரெண்டு பிள்ளை பெற்று, தலை நரைத்து, மாவு மில் படியில்தான் திறந்தது.

மழையில் குட்டி போட்ட ஆட்டுக்குப் பக்கத்தில் செவலை விடிய விடிய நனைந்துகொண்டு நின்றதைச் சொன்னாள். வாய்க்காலில் விழுந்த ஆட்டுக்குட்டியைப் பல் படாமல் கவ்விக் கரையேற்றியதைச் சொன்னாள். தன் பங்குக் கம்பங்கூழைக் குடித்துவிட்டு அவள் பங்குக்காக எதிரே உட்கார்ந்து, வேறெங்கோ பார்ப்பதுபோல் நடித்ததைச் சொன்னாள். அதன் வயிற்றில் தலை வைத்துத் தூங்கித் தூங்கித் தன் முடியெல்லாம் நாய் வாடை அடித்ததையும், அந்த வாடைக்காக மற்றப் பிள்ளைகள் தன்னைச் சேர்க்காததையும், சேர்க்காதது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று என்பதையும் சொன்னாள். பிறகு ஒரு மத்தியானம் ஆடுகள் சங்கரலிங்கத்தின் பருத்திக்குள் இறங்கியதையும், அவற்றைத் திருப்ப ஓடிய செவலையை, ஆட்டின்மேல் இருந்த கோபத்தை எல்லாம் சேர்த்து, அவர் கடப்பாரையால் அடித்ததையும் சொன்னாள்.

"ஒரே போடு. முதுகு ரெண்டாப் போச்சு. முன்னங்கால ஊண்டி, பின்பக்கத்த இழுத்துக்கிட்டே என்கிட்ட வந்துச்சு."

அந்த நேரத்தில், ரெண்டு தெரு தள்ளி, பிரம்பு நாற்காலியில் சாய்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்த சங்கரலிங்கத்தின் முதுகு விறகு முறிகிற சத்தத்தோடு முறிந்தது. கிழவர் கீழே விழுந்தார். கைகளை ஊன்றி, இடுப்புக்குக் கீழே உள்ளதை இழுத்துக்கொண்டு, கூடத்தைத் தாண்டி அடுப்படி வரைக்கும் போனார். "என் மடியில தலைய வச்சுத்தான் உசிர விட்டுச்சு" என்று பஞ்சவர்ணம் மில் படியில் சொன்னபோது, அவர் தன் மருமகள் மடியில் தலையை வைத்து உயிரை விட்டார். அந்த மருமகள் அவரோடு பேச்சை நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்தது. தலையைத் தள்ளவும் முடியாமல் தாங்கவும் மனசில்லாமல் அவள் பட்ட பாட்டை ஊர் ரொம்ப நாள் பேசியது. மில்லில் கரண்டு வந்து, மிளகாய் அரைபட்டு, பெண்கள் வீட்டுக்குப் போனார்கள்.

எழவு வீட்டில் ஒப்பாரி கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில், மில் படியில் இருந்தவர்களில் ஒருத்தி, "பாவம் மதினி, அந்த நாய்க் கதையக் கேட்டதுலருந்து எனக்குச் சோறே எறங்கல" என்றாள். பஞ்சவர்ணத்துக்கு அது போதுமாக இருந்தது. திறந்த வாய் அடுத்த நாய்க்குப் போனது.

பொட்டு அவளோடு சீராக வந்த நாய். அண்டா குண்டாவோடு நாயும் ஒரு சீரா என்று மாமியார் வீட்டில் சிரித்தார்கள். நெற்றியில் வெள்ளையாக ஒரு பொட்டு. வீட்டில் பிள்ளை அழுதால் வயல்வரைக்கும் ஓடிவந்து அவள் சேலையைக் கவ்வி இழுக்கும். மகன் தவசி நடை பழகியது அதன் வாலைப் பிடித்துக்கொண்டுதான். அவன் விழுந்தால் அது நிற்கும், எழுந்தால் நடக்கும், இப்படியே தெருக்கோடி வரைக்கும் கூட்டிப்போய்க் கூட்டிவரும். பக்கத்து வீட்டு மரகதம், தன் கோழிக்குஞ்சு காணாமல் போன ஆத்திரத்தில், கருவாட்டுக்குள் பூச்சிமருந்தை வைத்துப் போட்டாள். குஞ்சைத் தூக்கியது கீரி. பொட்டு வாயில் நுரை தள்ளி, கண் மேலே சொருகி, நாலு காலும் விறைத்து, தவசியின் தொட்டிலுக்கு அடியில் கிடந்தது.

மரகதம் அந்த வட்டத்தில்தான், எழவு வீட்டுக் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் பார்க்கப் பார்க்க நுரை தள்ளினாள், கண் சொருகியது, கை கால் விறைத்தது, பிணத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு பிணமாகச் சாய்ந்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா டம்ளரை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, "வெறும் காப்பிதான், சர்க்கரை கூட கம்மி" என்றாள். அப்போதுதான் மில் படியில் கேட்டதும் இங்கே கேட்டதும் பெண்களின் மண்டைக்குள் ஒன்றோடு ஒன்று முட்டியது.

ஊர் என்பது லேசுப்பட்டதல்ல. நடக்க முடியாதது நடந்துவிட்டால் அதிர்ந்துபோய் நிற்க அதற்கு நேரம் கிடையாது. மாட்டுக்குத் தண்ணி காட்ட வேண்டும், பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஈச்சங்கரை சீக்கிரமே அதோடு குடித்தனம் நடத்தப் பழகிவிட்டது. தெருநாயின்மேல் கல் எறிகிற பழக்கம் ஒழிந்தது. நாய்கள் பன் ரொட்டி தின்று கொழுத்து நடுரோட்டில் மல்லாந்து படுத்தன, டவுன் பஸ் டிரைவர் ஹாரன் அடிக்கப் பயந்து இறங்கிவந்து கும்பிட்டு எழுப்பினார். பெண் பார்க்க வந்தவர்கள், மாப்பிள்ளை குடிப்பாரா என்று கேட்பதற்கு முன்னால், பஞ்சவர்ணத்தின் நாயை எப்போதாவது எட்டி உதைத்திருக்கிறாரா என்று கேட்டார்கள். விசாரணைக்கு வந்த இன்ஸ்பெக்டர் நடந்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நம்ம ஸ்டேஷன் பக்கம் அந்தம்மா நாய் ஏதும் வந்துபோனதுண்டா?" என்று தணிந்த குரலில் விசாரித்துக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார். தங்கள் வீட்டு நாயையும் சொல்லிக் கொடு என்று வெளியூரிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள், பங்காளிப் பகையில் செத்த நாய்களின் பேரோடு. பஞ்சவர்ணம் எல்லோரையும் திருப்பி அனுப்பினாள். "நான் சோறு வச்சதத்தான் நான் சொல்ல முடியும். உங்க நாய நீங்க சொல்லுங்க." மில்காரன் கோட்டைச்சாமி, யாரும் சொல்லாமலேயே, அவளுக்கு மட்டும் இனி வரிசை கிடையாது என்று அறிவித்தான்.

இப்படி எல்லாமே பழகிப்போனது. சாந்து என்ற பேரை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

சாந்து அவளுடைய கடைசி நாய். ரேஷன் கடைக்குப் பின்னால் காலி மண்ணெண்ணெய் டிரம்முக்குள் கிடந்த கறுப்புக் குட்டியை மகள் செண்பகம்தான் எடுத்துவந்தாள், நெற்றிக்கு வைக்கிற சாந்து மாதிரி இருக்கிறது என்று பேரும் வைத்தாள். சோறு வைத்தது தாய், அது உயிரை வைத்ததோ மகளின்மேல். செண்பகம் காலேஜ் பஸ் ஏறும்வரை கூடவே போய், திரும்பி வரும் நேரத்துக்குச் சரியாக நிறுத்தத்தில் போய் நிற்கும். போன வருஷத்துக்கு முந்தின ஆடியில் செண்பகம் வீடு திரும்பவில்லை. மேலத்தெருவில் வயரிங் வேலை பார்த்த ஜெயசீலன் என்ற பையனோடு திருப்பூருக்கு ஓடிவிட்டாள் என்று சொன்னார்கள். சாந்து அந்த பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடி லாரியில் அடிபட்டுச் செத்தது என்றும் சொன்னார்கள். சொன்னது பஞ்சவர்ணத்தின் புருஷன் பூமிநாதன். ஆமாம் என்றது புருஷனின் அண்ணன், ஊர் நாட்டாமை மாசிலாமணி. சாந்தைச் சாக்கில் சுற்றித் தூக்கிவந்து வாசலில் போட்டது மகன் தவசி. ஜெயசீலனைப் பெற்ற தாய் அன்னக்கிளி, மகனைத் தேடித் திருப்பூருக்குப் போனவள் அங்கேயே ஒரு பனியன் கம்பெனி வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

சாந்தைக் குளிப்பாட்டிப் புதைத்தது பஞ்சவர்ணம். எந்தக் காயம் எங்கே இருந்தது என்று அவள் கைக்குத் தெரியும். லாரிச் சக்கரம் அருவாளைப் பிடிக்குமா என்று அவள் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் வரும். சாந்தை லாரி அடித்திருந்தால் செண்பகம் திருப்பூரில் இருக்கிறாள், தையல் மெஷினில் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள், ஒருவேளை வயிற்றில் பிள்ளைகூட இருக்கலாம். சாந்தை மனுசன் வெட்டியிருந்தால் அப்படி எதுவும் இல்லை. அதனால் அந்த நாயை மட்டும் அவள் நினைக்காமல் இருந்தாள். இப்போதோ வாய்விட்டுச் சொன்னால் அதுவே பதிலாகிவிடும். காயம் எவன் உடம்பில் விழுகிறதோ அவன் சொன்னதெல்லாம் பொய். நினைப்பு தொண்டைவரைக்கும் ஏறும்போதெல்லாம் ஒரு கவளம் சோற்றைப் போட்டு உள்ளே தள்ளினாள். உடம்பு பெருத்தது.

ஊருக்கும் அது தெரியும். அவளாகவே அந்த நாயை வெறுத்துவிட்டால் நல்லது என்று ஊர் முடிவு செய்தது, மாசிலாமணி ஆள் மாற்றி ஆள் அனுப்பினார். கோட்டைச்சாமி வந்து, சாந்து தன் மில்லில் புகுந்து மாவு மூட்டையில் ஒன்றுக்குப் போனது என்றான். கோயில் பூசாரி வந்து, அது பொங்கல் பானையில் வாய் வைத்தது என்றார். மூன்றாவது தெருவில் ஒருத்தி, தன் பிள்ளையைக் கடித்தது என்று தழும்பே காட்டினாள். அது அந்தப் பிள்ளை மரத்திலிருந்து விழுந்த தழும்பு, கட்டுப்போட்டதே பஞ்சவர்ணம்தான். எல்லாவற்றையும் அவள் கேட்டுக்கொண்டாள். ஒவ்வொருவரும் போன பிறகு, அப்படியா செய்யும் எம்புள்ள, மாவைக் கண்டாலே தும்முமே அது, என்று மனசுக்குள் ஒரு துண்டு நினைப்பு வந்து ஒட்டிக்கொண்டது. வெறுக்க வைக்க வந்தவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து, அவள் புதைத்த நாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் மாசிலாமணிக்கு ஒரு யோசனை உதித்தது. ஈச்சங்கரையில் கருமாதி முடிந்துவிட்டால் அப்புறம் செத்தவர்களைச் சொல்லி யாரும் அழக்கூடாது, அழுதால் ஊருக்கு ஆகாது. நாய்க்கும் ஒரு கருமாதியைச் செய்துவிட்டால்?

"செஞ்சுருவோம்டா பூமி" என்றார் தம்பியிடம். "மனுசனுக்குச் செய்யிற மாதிரியே, ஒரு கொறையும் இல்லாம. அதுக்கப்பறம் அவ எப்புடி வாயத் தொறப்பா? மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

பந்தல் போட்டார்கள். மேளம் சொன்னார்கள். கிடாய் வெட்டினார்கள். சாந்தின் போட்டோ யாரிடமும் இல்லாததால், உரக்கடை காலண்டரில் இருந்த ஒரு வெளிநாட்டு நாயின் படத்தை வெட்டி, சட்டம் போட்டு, மாலை சாத்தி, ஊதுபத்தி கொளுத்தினார்கள். அந்த நாய்க்குக் காது விறைப்பாக நின்றது, நாக்கு ரோஸ் நிறத்தில் தொங்கியது. தவசிக்கு உருமால் கட்டினார்கள். இருபத்திரண்டு வயசுப் பையன், கறுப்பு நாய்க்குக் கொள்ளிக்காரன் மாதிரி தலைப்பாகையோடு தலை குனிந்து உட்கார்ந்திருந்தான், சிரிக்க வந்தவர்கள்கூட அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினார்கள்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. இலை போட வேண்டியதுதான் பாக்கி. ஈச்சங்கரையில் எந்தக் கருமாதி ஆனாலும், இலை போடுவதற்கு முன்னால் நாட்டாமை எழுந்து ஒரு வார்த்தை சொல்வார். மாசிலாமணி அதை எத்தனையோ பந்தலில் சொல்லியிருக்கிறார், அவர் அப்பாவும் சொல்லியிருக்கிறார். அது அவர் புத்தியில் இல்லை, நாக்கில் இருந்தது. எழுந்தார், தோள்துண்டை இழுத்துவிட்டார், தொண்டையைச் செருமினார், சொல்லியே விட்டார்:

"பந்திக்கு முன்னாடி, எறந்தவுகளுக்கு நெருக்கமானவுக யாராச்சும் ரெண்டு வார்த்த சொல்லுங்கப்பா."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. மேளக்காரன் குச்சியைத் தூக்கியபடியே நின்றான்.

பஞ்சவர்ணம் எழுந்து போய்ப் படத்தின் முன்னால் நின்றாள். வந்ததை மட்டும் சொல்லுவோம், போனதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் அவள் நினைத்தாள், சத்தியமாக அப்படித்தான் நினைத்தாள்.

"இது சாந்து இல்ல" என்றாள். "சாந்துக்கு ஒரு காது மடங்கி இருக்கும். மாவு வாடை ஆகாது, தும்மும். வாசல்ல சிமிட்டி பூசுன அன்னைக்கு மெதிச்சுப்புட்டு, தன் கால் தடத்தப் பாத்துத் தானே குரைச்சுச்சு. எம்மக பரீச்சைக்குப் படிக்கிறப்ப பொஸ்தகத்து மேல தலைய வச்சுக்கிரும். தள்ளுனா திரும்ப வைக்கும். தீபாவளி வெடிக்கு என் முந்தானைக்குள்ள நொழைஞ்சுரும், ஆனா அவள எவனாச்சும் ஒரு சொல்லு சொன்னா அம்புட்டுதான், யானையா இருந்தாலும் எதுத்து நிக்கும்..."

சொல்லிக்கொண்டே போனாள். இத்தனை நாள் சோற்றைப் போட்டு அமுக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வர, முகம் மலர்ந்து, கல்யாண வீட்டுக்காரி மாதிரி கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "அந்த ஆடியில ஒரு நா..." என்று அவள் ஆரம்பித்ததும் பந்தலின் பின்வரிசையில் நாற்காலிகள் நகர்ந்தன. கோட்டைச்சாமி எழுந்தான். மாசிலாமணி செருப்பைத் தேடினார். பூமிநாதன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பஞ்சவர்ணம் நிறுத்தினாள். ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"லாரி அடிச்ச நாய்க்கு நீங்க எல்லாம் ஏன் எந்திரிக்கிறீக?"

எழுந்தவர்கள் திரும்ப உட்காரவில்லை, வாசலைப் பார்த்தார்கள். ஊதுபத்திச் சாம்பல் உதிர்ந்தது. பஞ்சவர்ணத்தின் மனசுக்குள் தையல் மெஷினில் குனிந்திருந்த மகள் அந்த நிமிஷத்தில் செத்துப்போனாள்.

"நான் குளிப்பாட்டுனேன்" என்றாள். குரல் மாறியிருந்தது. "வலது முன்னங்கால் மணிக்கட்டோட இல்ல."

மாசிலாமணியின் வலது கை மணிக்கட்டோடு கழன்று, செருப்புகளுக்கு நடுவே விழுந்தது. ரத்தம் பந்தல் துணியில் அடித்தது. அவர் அதை இடது கையால் எடுத்து, ஒட்ட வைக்கப் பார்த்தார்.

"எம்மக எங்க மாமா?"

"திருப்பூர்ல... திருப்பூர்லதாம்மா..."

"ஒரு கண்ணு உள்ள போயி இருந்துச்சு, கம்பு குத்துனது."

வாசலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்த கோட்டைச்சாமி ஒரு பக்க முகத்தைப் பொத்திக்கொண்டு சாக்கடையில் விழுந்தான். விரலிடுக்கில் வழிந்தது. பெண்களில் யாரோ வாந்தி எடுத்தார்கள். ஒருத்தியும் எழுந்து போகவில்லை.

பூமிநாதன் அவள் வாயைப் பொத்தப் பாய்ந்தான். கல்யாணமான நாளிலிருந்து பொத்தி வைத்திருந்த வாய்தானே, இன்னும் ஒருமுறை பொத்த முடியாதா என்று நினைத்தான் போல. அவன் கை நீளும்போதே அவள், "விலா அம்புட்டும் நொறுங்கி இருந்துச்சு, கல்லத் தூக்கிப் போட்ட மாதிரி" என்றாள். அவன் விலா எலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவள் காலடியிலேயே விழுந்தான்.

"எம்மக எங்கங்க?"

வாயில் ரத்தம் வந்ததால் அவனால் பேச முடியவில்லை. பேச முடிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டான். அவனுக்கு மகளைவிட மானம் பெரிசு. பஞ்சவர்ணம் அவனைத் தாண்டி, உருமால் கட்டி உட்கார்ந்திருந்த மகன் முன்னால் வந்து நின்றாள். மிச்சமிருந்தது ஒரே ஒரு காயம். அதைச் செய்தது யார் என்று அவளுக்குத் தெரியாது. அது இவனாக மட்டும் இருக்கக் கூடாது என்று, தன் அப்பனுடைய கிடையின் அத்தனை சாமிகளையும் ஒரு நொடிக்குள் கூப்பிட்டாள்.

"கழுத்துல..." என்றாள்.

தவசியின் கழுத்தில், ஒரு காதுக்குக் கீழே, சிவப்பாக ஒரு கோடு விழுந்து, மெல்லப் பிளந்தது.

அவள் அங்கேயே நின்றுவிட்டாள். மூடிக்கொள்ளத்தான் அந்த வாய்க்கு வாழ்நாளெல்லாம் பழக்கம். இருந்தும் இப்போது அதை மூட, இரண்டு கையாலும் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. நாயின் சாவைச் சொல்லி முடிக்காதவரைக்கும் அடித்தவனுக்கும் சாவு இல்லை என்பது சங்கரலிங்கம் செத்ததிலிருந்தே ஊருக்குத் தெரியும். ரத்தம் பையனின் வெள்ளைச் சட்டைக்குள் இறங்கியது.

"அது என்னயக் கடிக்கல ஆத்தா" என்றான் தவசி. பல் கிட்டிக்கொண்டு வந்தது. "பெரியப்பாவக் கடிச்சுச்சு, எல்லாரையும் கடிச்சுச்சு. நான் போனப்ப வால ஆட்டுச்சு. நான் காப்பாத்த வந்தேன்னு நெனச்சுப்புடுச்சு."

"அக்கா எங்கடா?"

"வடக்க, சுண்ணாம்புக் காளவாசல்ல. ரெண்டு பேரும்."

பஞ்சவர்ணம் பந்தலுக்குக் குழி தோண்டிய மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தாள். அவளுக்குப் பின்னால், மில் படியில் உட்கார்ந்து மாமியார்களைப் பற்றிப் பேசிய அதே பெண்கள், பந்திக்கு வைத்திருந்த தண்ணீர்க் குடங்களை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். நர்ஸம்மா மட்டும் கீழே கிடந்தவர்களைப் பார்க்கப் பந்தலில் தங்கினாள். அவர்களுக்குக் கட்டுப் போடும்போது அவள் ஒருவரிடமும் வலிக்கிறதா என்று கேட்கவில்லை.

தூர்ந்துபோன காளவாசலில் மண் லேசாகத்தான் இருந்தது. கொலுசை வைத்து மகளை அடையாளம் கண்டாள், இடுப்பில் கிடந்த ஸ்க்ரூ டிரைவரை வைத்துப் பையனை. பெண்கள் தண்ணீர் ஊற்ற ஊற்ற, ஒவ்வொரு எலும்பாக எடுத்துக் கழுவினாள், கழுவியதைத் தன் சேலைத் தலைப்பில் துடைத்து வரிசையாக வைத்தாள். எங்கே வெட்டு, எங்கே முறிவு என்று விரலால் தடவிப் பார்த்து மனசில் போட்டுக்கொண்டாள். பையனின் எலும்பைக் கழுவி மட்டும் வைத்தாள், தடவிப் பார்க்கவில்லை.

"அன்னக்கிளிக்கு ஆளனுப்புங்க" என்றாள். "அவ வந்து அவ பிள்ளையச் சொல்லட்டும்."

அதைக் கேட்டவள் ஒருத்தி ஊருக்குள் ஓடினாள். கொஞ்ச நேரத்தில் ஈச்சங்கரையில் கதவுகள் சாத்தப்பட்டன. ஒரு டிராக்டர் கிளம்பி மேற்கே ஓடியது. இரண்டு மோட்டார் சைக்கிள்கள் கிழக்கே ஓடின. மாசிலாமணி வீட்டில் வானொலியைச் சத்தமாக வைத்தார்கள், காதில் பஞ்சை அடைத்தார்கள். எவ்வளவு தூரம் போனாலும் ஒன்றுதான், கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒன்றுதான் என்பது மில் படியிலேயே தெரிந்துபோன விஷயம். ஆனாலும் ஓடினார்கள்.

தவசி ஓடவில்லை. கழுத்தைச் சுற்றி உருமால் துணியைக் கட்டிக்கொண்டு, அது நனைந்து சொட்ட, காளவாசலுக்கு நடந்தே வந்தான். வந்து, அக்காளின் எலும்புகளுக்கு எதிரே நின்றான்.

"ஆத்தா, இதுல நான் என்ன செஞ்சேன்னா..."

"நீ சொல்லாத" என்றாள் பஞ்சவர்ணம். "ஒக்காரு."

உட்கார்ந்தான். அவன் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை அவள் ஒதுக்கிவிட்டாள், அப்படியே கொஞ்ச நேரம் கையை அவன் தலையில் வைத்திருந்தாள். அப்புறம் கையை எடுத்துக்கொண்டு, மகள் பக்கமாகத் திரும்பி, கிடையில் உட்காருகிற மாதிரி மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எம்மக செண்பகம் பொறந்த அன்னைக்கு நல்ல மழை" என்று ஆரம்பித்தாள்.